பனிச்சங்கேணியிலிருந்து பேசிய முழங்கால்

இப்போது முழங்கால் ஒப்பரேசன் செய்தவர்களிடம் கைபேசியில்தான் கேள்வி கேட்கிறார்களாம். குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பு வரும். தட்டினால் கேள்விகள் வரிசையாக வரும். வலி உண்டா, வீக்கம் உண்டா, கால் மடங்குகிறதா. பதிலைத் தட்டத் தட்டப் புள்ளி தானாகக் கூடி எங்கேயோ ஒரு கணினியில் போய்ச் சேரும். நான் வேலை செய்த பிரிவில் இப்போது இயன்மருத்துவராக இருக்கும் ஒரு பிள்ளை போன மாதம் இதைப் பெருமையாகச் சொன்னாள்.

"மிஸ், இனி நாங்க ஒருத்தருக்கும் கோல் எடுக்கத் தேவையில்ல."

"தட்டுறது ஆர் எண்டு எப்பிடித் தெரியும்?"

"அவங்கட நம்பர்தானே மிஸ்."

தொலைபேசியை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்ப எடுத்தாள். "ஏன் மிஸ் கோவிக்கிறீங்க? என்ன நடந்தது எண்டு எழுதித் தாங்களன், நாங்க எல்லாரும் வாசிக்கிறம்" என்றாள். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

நான் இயன்மருத்துவம் படித்தது கொழும்பில். எலும்பின் பெயர், தசையின் பெயர், எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று மனப்பாடம் செய்தேன். பிறகு மட்டக்களப்புப் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே கிடந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். என் வேலைக்காலத்தின் முதல் பாதி, சண்டையில் கால் இழந்தவர்களோடு போனது. சண்டை முடிந்த பிறகுதான் கால் இருக்கிறவர்கள் வரத் தொடங்கினார்கள். பந்தடித்து விழுந்தவன், மோட்டார் சைக்கிளில் விழுந்தவன், கரைவலை இழுக்கும்போது கால் மணலில் நிற்க உடம்பு மட்டும் திரும்பியவன். எல்லோரும் ஒரே கதைதான் சொன்னார்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டது என்று. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்கே கட்டி வைத்திருக்கும் நார் அறுந்த சத்தம் அது. அது அறுந்தாலும் நேராக நடக்கலாம். திரும்பினால்தான் கால் தன் பாட்டில் மடங்கும்.

அதற்கு ஒப்பரேசன் செய்ய எங்களிடம் ஒரு நிபுணர் வந்தார். பெரிய டொக்டர் என்போம். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு முழங்காலைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குவார். முதலில் நல்ல காலைப் பிடிப்பார், பிறகு மற்றக் காலை. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைத்து, ஒரு கையால் தொடையை இறுக்கிக்கொண்டு, மற்றக் கையால் கீழ்க்காலைத் தன் பக்கம் இழுப்பார். நார் இருந்தால், கட்டிய தோணியின் கயிறு விறைத்து நிற்பதுபோல ஓரிடத்தில் நிற்கும். நார் இல்லையென்றால் ஈரச்சேலையை இழுப்பதுபோல வந்துகொண்டே இருக்கும். இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். கண் திறந்தால் கை பொய் சொல்லும் என்பது அவர் பேச்சு. நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார், பெயரும் சொல்ல மாட்டார். "இந்தக் கால் எப்ப செய்தது?" என்று என்னிடம் கேட்பார். காலுக்குச் சொந்தக்காரன் அங்கேயே படுத்திருப்பான். எனக்கு அது கட்டோடு பிடிக்காது. ஆனால் அவருடைய கை பிழைவிட்டு நான் பார்த்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒப்பரேசனில், தொடையின் பின்பக்கத்திலிருந்து இரண்டு நாரை உருவி எடுத்து, மடித்துத் தைத்து, எலும்பில் துளை போட்டு உள்ளே இழுத்து, மேலே ஓர் உலோகப் பொத்தானும் கீழே ஒரு திருகாணியும் வைத்து இறுக்குவார்கள். அதன் பிறகு உள்ளே நடப்பதை நோயாளியிடம் நாங்கள் முழுதாகச் சொல்வதில்லை. வைத்த நார் முதலில் செத்துப்போகும். செத்தபடியே முழங்காலுக்குள் கிடக்கும். மெல்ல மெல்லப் புது இரத்தம் ஏறி அதற்கு உயிர் வரும். ஒரு வருடமும் எடுக்கலாம், இரண்டு வருடமும் எடுக்கலாம். வெளியே அதற்குள் வீக்கம் வற்றி, வலி போய், தசை திரண்டுவிடும். ஒருவன் தன் காலை நம்பத் தொடங்குகிற நாளில் உள்ளே இருப்பது பாதி செத்த நார்.

எங்கள் பிரிவில் ஆறு மாதம் என்று ஒரு விதி இருந்தது. ஆறாம் மாதம் நான் சோதிப்பேன். இயன்மருத்துவ அறையின் சீமெந்துத் தரையில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு, ஒற்றைக் காலால் பாயச் சொல்வேன். நல்ல கால் பாயும் தூரத்துக்கு ஒப்பரேசன் செய்த காலும் கிட்டத்தட்டப் பாய்ந்தால், வேலைக்குத் திரும்பலாம் என்று கடிதம் கொடுப்பேன். கடைக்காரனுக்கும் அதே தரை, வயல்காரனுக்கும் அதே தரை, கடலுக்குப் போகிறவனுக்கும் அதே தரை. ஆடாத தரையில் சோதித்துவிட்டு ஆடுகிற வள்ளத்துக்கு அனுப்பினோம். அது பிழை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பெரிய டொக்டருக்கு நீண்டகாலப் பலன் வேண்டும். ஒப்பரேசன் செய்து ஐந்து, பத்து வருடம் கழித்து முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு பெரிய கொப்பியில் எழுதி வைக்கும் வேலையை என்னிடம் தந்தார். உண்மையைச் சொன்னால், நன்றாக இருக்கிறவன் கிளினிக்குக்கு வர மாட்டான். நாசமாய்ப் போனவன் எண்ணெய் போட்டு உருவுகிறவரிடம் போவான். நடுவில் நிற்கிறவர்கள்தான் எங்கள் வாங்குப் பலகையில் வந்து குந்துவார்கள். அதனால் வராதவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை தொலைபேசி எடுக்கச் சொன்னார்.

கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பனியில் சறுக்கி விளையாட முடியுமா என்று ஒரு கேள்வி. எங்கள் வாகரைப் பக்கம் எவன் பனியில் சறுக்குகிறான்? அவற்றை வெட்டி எறிந்துவிட்டு நானே எழுதினேன். சம்மணம் கட்டிச் சாப்பிட முடிகிறதா, வரம்பில் நடக்க முடிகிறதா, வள்ளம் தள்ள முடிகிறதா, கக்கூசில் குந்த முடிகிறதா. ஓட்டமாவடியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம் வலியைப் பற்றிக் கேட்டால், "தொழுகையில இருப்புல இருக்கக்குள்ள கடிக்கிது மிஸ், கடையில இருக்கக்குள்ள கடிக்கல்ல. இதுக்கு எத்தின மார்க்ஸ் போடுவீங்க?" என்று சிரிப்பார்.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. கேள்விகள் முடிந்ததும், "இப்ப போனை முழங்கால்ல வச்சு, மெதுவா மடக்கி நிமித்துங்க" என்பேன். முழங்கால் பேசும். இளம் முழங்கால் ஒன்றும் சொல்லாது, சிலவேளை ஒரு சொடக்குப் போடும். தேய்ந்தது நறநறக்கும். கேட்டதைக் கொப்பியின் ஓரத்தில் குறித்து வைப்பேன்.

இனி நிரோசன். பனிச்சங்கேணிப் பிள்ளை. ஊர்க் கழகத்துக்குப் பந்தடிக்கப் போய் வலது முழங்காலை அறுத்துக்கொண்டு வந்தான். தகப்பன் சாமித்தம்பியோடு கடலுக்குப் போகிறவன், ஒரே மகன். சொன்ன பயிற்சி எல்லாம் செய்தான். பத்துத் தரம் என்றால் பத்துத் தரம், பதினொன்று செய்ய மாட்டான். கடிதம் வரும்வரை வள்ளத்தில் ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தேன், ஏறவில்லை.

ஐந்தரை மாதத்தில் தகப்பன் தனியாக வந்தார்.

"மிஸ், ஒரு கையால வலை இழுக்கேலாது. கூலிக்கு ஆள் வச்சு அலுத்துப் போனன். அவனைக் கூப்பிட்டா 'மிஸ்ட கடிதம் இல்லாம ஏற மாட்டன்' எண்டு நிக்கான். நீங்க ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

"இன்னும் ரெண்டு கிழமைதானே. பொறுங்களன்."

"ரெண்டு கிழமைதானே மிஸ். அதுக்குள்ள என்ன வந்திரப்போகுது?"

அடுத்த நாள் மகனைக் கூட்டிவரச் சொன்னேன். கோட்டில் நின்று பாய்ந்தான். நன்றாகப் பாய்ந்தான். கையெழுத்துப் போட்டேன். பதினான்கு நாள் முந்திப் போட்டேன். அந்த நாட்களை இன்றைக்கும் சுமக்கிறேன்.

ஒரு வருடப் பரிசோதனைக்கு நிரோசன் வரவில்லை. தொலைபேசி எடுத்தேன்.

"நிரோசனா?"

கொஞ்சம் இடைவெளி. பிறகு, "ஓம் மிஸ். நான்தான்."

குரல் கட்டையாக இருந்தது. கடற்காற்று, தடிமன் சளி, பழசான கைபேசி என்று எனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. பட்டியலில் அடுத்த பெயர் காத்திருந்தது. பெரிய டொக்டர் கையால் செய்ததை நான் வாயால் செய்தேன், ஆளை விட்டுவிட்டுக் காலை மட்டும் விசாரித்தேன். அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் வித்தியாசம்.

"வலி இரிக்கா?" "இல்ல மிஸ்." "குந்த ஏலுமா?" "குந்துறன்." "கால் எப்பயாவது மடங்கினதா?" "இல்ல." இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் உடனே வந்தது, நான் கேட்டு முடிக்கும் முன்பே வந்தது. கடைசியாகப் போனை முழங்காலில் வைக்கச் சொன்னேன். சிரட்டைக்குள் மணலைப் போட்டு ஆட்டுவதுபோல ஒரு சத்தம். ஓரத்தில் 'நறநறப்பு' என்று எழுதினேன்.

வருடா வருடம் எடுத்தேன். வருடா வருடம் அவன் புள்ளி கூடியது. யாருக்கும் அப்படிக் கூடுவதில்லை. ஐந்து வருடம் போனால் கொஞ்சம் தேய்வு வரும், மாரியில் ஒரு கடுப்பு வரும். இவனுக்கு வலியுமில்லை, வீக்கமுமில்லை. எட்டாம் வருடம் முழுப் புள்ளி. என்னுடைய, கத்தி படாத முழங்காலுக்கே முழுப் புள்ளி கிடையாது.

அந்த வருடம் பெரிய டொக்டர் பலன்களைக் கொழும்பில் ஒரு கூட்டத்தில் வாசிக்க இருந்தார். கொப்பியைப் புரட்டி, சின்னக் குரலில், "இந்தக் காலைக் கூப்பிடுங்க. ஒரு படம் எடுப்பம்" என்றார். கொப்பியிலேயே சிறந்த முழங்கால் அது. அப்போதுதான் அந்த வரியின் ஓரத்தைப் பார்த்தேன். எட்டு வருடமும் என் கையெழுத்தில் ஒரே சொல். முதல் வருடமே நறநறப்பு. இருபத்திரண்டு வயதில் பாய்ந்து காட்டிய முழங்கால் ஆறே மாதத்தில் அப்படிச் சத்தம் போடாது. அந்தச் சத்தம் அறுபது வயதுச் சத்தம். அழைப்பு எடுத்துச் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

பனிச்சங்கேணிப் பாலத்தடியில் இறங்கினேன். பகல் பத்து மணி. வாவித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கடையில் நிரோசனின் வீடு எது என்று கேட்டேன். கடைக்காரர் நிறுத்துக்கொண்டிருந்த சீனியை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார்.

"ஆரு நீங்க?"

"ஆஸ்பத்திரியில இருந்து வாறன்."

"இப்பத்தானா வாறீங்க?" என்றார். கையை நீட்டி வழியைக் காட்டினார்.

வீட்டில் தாய் இருந்தார். என்னை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. "கால் பாக்க வந்தீங்களா மிஸ்? இரிங்க, பிளேன்டீ ஊத்துறன்" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"தம்பி எங்க?"

"கடலுக்குப் போனவன் மிஸ். இன்னும் வரல்ல."

சரி, வருவான் என்று இருந்தேன். தாய் தேத்தண்ணீரைத் தந்துவிட்டு உள்ளே போனார். நான் சுற்றிப் பார்த்தேன். கதவு நிலையில் நான் கொடுத்த மாதிரியான சிவப்பு இறப்பர்ப் பட்டி கட்டியிருந்தது. இறப்பர் ஒரு வருடத்தில் வெடித்துவிடும். இது வழவழவென்று புதிதாக இருந்தது. பக்கத்தில் பொலித்தீன் உறைக்குள் நான் எழுதிய பயிற்சித்தாள். என் கையெழுத்து, நான் கீறிய கால்கள். அதற்குக் கீழே சாணம் மெழுகிய தரையில் ஓரிடம் மட்டும் பளபளவென்று குழிந்திருந்தது. ஒருவர் நாள்தோறும் ஒரே இடத்தில் ஒற்றைக் காலில் நின்ற குழி. நல்ல பிள்ளை, இன்றைக்கும் செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கவனித்தேன். வாசல் மண்ணில் ஆண் செருப்புத் தடம் ஒரு சோடிதான். கொடியில் கிழவருடைய சாரன் மட்டும். பகல் உச்சிக்கு வந்தது. ஒரு நாயும் குரைக்கவில்லை.

"விடியப் போனவரா அம்மா?" என்று கேட்டேன்.

"ஓம். விடியத்தான்" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "வாற மாரியோட எட்டு வருசம்."

தேத்தண்ணீர்க் கோப்பையை நான் கீழே வைத்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அந்த நேரம் படலை திறந்தது. "வாங்க மிஸ்" என்றது நிரோசனின் குரல். தொலைபேசியில் எட்டு வருடம் கேட்ட அதே குரல். திரும்பினேன். சாமித்தம்பி வலைச் சாக்கோடு நின்றார். சாக்கை வைத்துவிட்டு, எதையும் பிடிக்காமல், என் முன்னால் நிலத்தில் குந்தினார். வலது முழங்கால் நறநறத்தது. சிரட்டைக்குள் மணல்.

நான் எழுந்து வெளியே போனேன். அவரும் பின்னால் வந்தார். வாவிக் கரையில் நின்று ஏசினேன். எனக்கு அது ஒன்றுதான் உடனே வரும். "என்ன மனுசன் நீங்க? செத்த பிள்ளைட பேர்ல எட்டு வருசமா என்னோட பறைஞ்சிரிக்கீங்க!"

அவர் தலையைக் குனியவில்லை. "நான் பொய் சொல்லல்ல மிஸ். நீங்க கேட்டதுக்கெல்லாம் இந்தக் காலைப் பாத்துத்தான் சொன்னன். தாள்ள கிடக்கிறதெல்லாம் நாள்தப்பாமச் செய்தன். குந்த ஏலுமா எண்டு கேட்டீங்க, குந்திப் பாத்திட்டுத்தான் ஓம் எண்டன்."

"என்னத்துக்கு?"

"நீங்க மொதல்தரம் எடுத்து 'நிரோசனா' எண்டு கேட்டீங்க. அவன் போய் நாலு மாசம். அந்த நாலு மாசத்தில ஒருத்தரும் அவன்ட பேரை எனக்கிட்டச் சொல்லல்ல. ஊர்ல எல்லாரும் பேரை விழுங்கிக்கொண்டு பறைஞ்சாங்க. நீங்க அவன் சுகமா இரிக்கானா எண்டு கேக்கீங்க. இல்ல எண்டு சொல்ல வாய் வரல்ல."

பிறகு தானாகவே சொன்னார். "ஒரு பதில்தான் பொய்."

எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கால் மடங்கினதா என்று நான் கேட்டு முடிக்கும் முன்பே வந்த பதில்.

கடிதம் கொடுத்து இரண்டு மாதம் கழித்து நடந்தது. மாரி முடிகிற காலம், வாவியின் வாயை அடைத்த மணலை வெட்டிவிட்டிருந்தார்கள், தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இழுவைக்குச் சற்று வெளியே வள்ளத்துக்குள் வலையை இழுத்தார்கள். நிரோசன் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் நின்றான். "வலையைத் தூக்கிக்கொண்டு திரும்பி என்ட பக்கம் கிறுகினான் மிஸ். உடம்பு கிறுகினது, கால் கிறுகல்ல. வெறும் சாரன் மடியிற மாதிரி மடிஞ்சது. வலையோட போனான். கத்தல்ல. முகத்தைப் பாத்தன். பயந்த முகம் இல்ல. ஆரோ பின்னால கூப்பிட்டமாதிரி ஒரு முகம்." உடல் கிடைக்கவில்லை. வீட்டில் அலை அடித்ததென்று சொல்லியிருந்தார். கடிதத்துக்காக என்னிடம் வந்து கெஞ்சியதைத் தாய் அறியமாட்டார். தாய் காரியமும் செய்யவிடவில்லை, மரணச் சான்றிதழும் எடுக்கவிடவில்லை. அரசாங்கத்தின் எந்தக் கடதாசியிலும் அவன் சாகவில்லை. என் கொப்பியில் முழுப் புள்ளியோடு உயிராக இருந்தான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் பெரிய டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தரை மாதத்தையும் சொன்னேன். அவர் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப இந்த வரியை எடுத்துவிடுங்க. 'தொடர்பு அறுந்தவர்' எண்டு போடுங்க."

"தொடர்பு அறல்ல சேர், நார் அறுந்தது. தோல்வி எண்டு போடோணும்."

"முழங்காலைப் பாத்தீங்களா?"

"கடல்ல எப்பிடிப் பாக்கிற?"

"பாக்காத முழங்காலைத் தோல்வி எண்டு எழுதேலாது மிஸ். கண்டவர் வந்து சொல்லட்டும்."

அவர் சொன்னது முறைப்படி சரி. அதுதான் எனக்கு எரிந்தது. செத்தவன் பட்டியலிலிருந்து கழன்றுவிடுவான். மிச்சமிருக்கிற முழங்கால்கள் எல்லாம் நன்றாக இருக்கும். ஆறு மாத விதியும் அப்படியே இருக்கும். அடுத்த திங்கட்கிழமை மாங்கேணியைச் சேர்ந்த ஒருவன் கடலுக்குப் போகக் கடிதம் கேட்டு வர இருந்தான். கோட்டில் நன்றாகப் பாய்கிறவன்.

அன்றைக்கே பனிச்சங்கேணி இலக்கத்துக்கு எடுத்தேன். "சாமித்தம்பி அண்ணன்" என்று முதல்முறையாக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "திங்கக்கிழமை வந்து டொக்டருக்கு முன்னால சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி இன்னொருத்தன் போவான்."

"அவள் கேப்பாளே மிஸ், எங்க போறன் எண்டு."

"அவவுக்கும் சொல்லுங்க."

வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை வாங்கில் மாங்கேணிக்காரன் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாமித்தம்பி இருந்தார், கையில் நிரோசனின் கிளினிக் அட்டை. தாயும் வந்திருந்தார். எப்படி வந்தார், சாமித்தம்பி என்ன சொல்லிக் கூட்டிவந்தார் என்று தெரியாது. தாதி அட்டையைப் பார்த்து, "நிரோசன்!" என்று கூப்பிட்டாள்.

"ஓம்" என்று கிழவர் எழுந்து போனார்.

நான் தடுக்கவில்லை. அவர் கட்டிலில் ஏறிப் படுத்து, சாரனை முழங்காலுக்கு மேல் மடித்தார். பெரிய டொக்டர் வழக்கம்போலப் பெயரைப் பாராமல், கோப்புத் தாளில் ஒப்பரேசன் செய்த வருடத்தை மட்டும் பார்த்தபடி வந்தார். கடிகாரத்தைக் கழற்றினார், கையைத் தேய்த்தார், இடது காலை இழுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வலது காலை இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார்.

"நல்ல இறுக்கம்," என்றார் மெதுவாக. "எட்டு வருசம் கழிச்சு இப்பிடி ஒரு நாரை நான் பிடிச்சதில்ல. கால் எப்பயாவது மடங்கினதா?"

"ஒருக்காத்தான் சேர்."

டொக்டர் கண்ணைத் திறந்தார். கைக்குள் இருந்த காலைப் பார்த்தார். தழும்பு இல்லை. நரைத்த மயிரும் சுருங்கிய தோலும். பிறகு மெல்ல மெல்ல மேலே வந்து, முகத்தைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

"இது நான் செய்த கால் இல்லையே."

"அது கடலுக்க கிடக்கு சேர்" என்றார் சாமித்தம்பி. படுத்தபடியே, முகட்டைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். அணியம், வலை, கிறுகியது, மடிந்தது. கடிதத்துக்காகத் தான் வந்து கெஞ்சியதையும் சொன்னார். டொக்டர் கடைசிவரை அந்த முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை. நான், "கையெழுத்துப் போட்டது நான்" என்றேன். மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் தாய் நின்றார். உள்ளே வந்தார்.

"அலை எண்டீங்க," என்றார் புருசனிடம். "அண்டைக்கு நான் கரையில நிண்டு கடலைப் பாத்தன். எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடந்தது. ஒரு அலை இல்ல. நீங்க எப்ப சொல்லுவீங்க எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தன்."

கிழவர் கையால் முகத்தை மூடினார். தாய் அழவில்லை. சாரனைக் கீழே இழுத்துவிட்டு, "எழும்புங்க, அடுத்த ஆள் நிக்குது" என்றார்.

கொப்பியில் தோல்வி என்று எழுதினேன். டொக்டர் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். கொழும்புக் கூட்டத்தில் அந்த வரியையும் வாசித்தார் என்று கேள்விப்பட்டேன். மாங்கேணிக்காரனுக்கு அன்று கடிதம் கொடுக்கவில்லை. அவன் என்னை ஏசிவிட்டுப் போனான், ஏசட்டும். அதன் பிறகு கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்தோம். கடைசிச் சோதனையை வாவிக்குள் தோணியில் ஏற்றித்தான் செய்தோம், தரையில் நன்றாகப் பாய்ந்த பலர் அதில் தடுமாறினார்கள். எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஓம், நான்தான் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன்.

அன்று போகும்போது தாய் என்னிடம் ஒன்று கேட்டார். "மிஸ், அவன்ட எலும்பு இஞ்ச கிடக்குத்தானே. அதைத் தாங்களன்."

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒப்பரேசன் முடிந்த பிறகு எடுத்த எக்ஸ்ரே படம் கோப்புக்குள் இருந்தது. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து காரியம் செய்வார்கள். அதில் வைக்க அவன் உடம்பில் எதுவும் அவர்களிடம் இல்லை. படத்தைக் கொடுக்க விதி இல்லை. ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

காரியத்துக்குப் போனேன். காலை நேரம். முற்றத்தில் புல்லால் செய்த உருவம் வெள்ளைத் துணியில் கிடந்தது. ஐயர் படத்தை வாங்கி உருவத்தின் காலில் வைத்தார். வெயில் பட்டதும் கறுப்புக்குள்ளிருந்து எலும்பு வெள்ளையாக எழும்பியது. பொத்தானும் திருகாணியும் பளிச்சென்று தெரிந்தன. எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். யாரும் அதுவரை அவனை அவ்வளவு உள்ளே பார்த்ததில்லை.

ஐயர் படத்தைப் புரட்டி, இடது காலில் வைத்திருந்தார். தாய்க்கும் தகப்பனுக்கும் அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. யாரிடமும் கேட்காமல் முன்னால் போய்க் குந்தி, படத்தைத் திருப்பி, வலது காலுக்கு மாற்றி, படத்திலுள்ள முழங்கால் உருவத்தின் முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் வரும்படி நிமிர்த்தி வைத்தேன்.

"சரியா மிஸ்?" என்று தாய் கேட்டார்.

"இப்ப சரி" என்றேன்.